ஊற்றுக்கண்

இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது மோட்டார் சமாச்சாரம்தான். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிவாயில் மாட்டும் ஃபுட்வால்வு ஏன் தண்ணீரை நிறுத்துவதில்லை, கப்பாசிட்டர் போன மோட்டார் எப்படி முனகும், காயில் கட்ட எந்த கேஜ் கம்பி, இப்படி. மூன்று வாரமாக ஒன்றும் காணோமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காரணம் ஒரு மீன். அதுவும் நான் இன்றுவரை உயிரோடு பார்க்காத மீன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. சங்ஙனாசேரிக் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், போன் அடித்தது. பெருன்னா பக்கம் இருக்கும் ஒரு சேச்சி. போன வருஷம் அவர் வீட்டுக்கு ஒரு ஹெச்பி ஜெட் பம்பு மாட்டிக் கொடுத்திருந்தேன்.

"அண்ணாச்சி, பக்கெட்டில வந்நு. சுவப்பு. அனங்குன்னுண்டு!"

வாளியில் வந்திருக்கிறது, சிவப்பு, அசைகிறது. வேறு யாராவது கேட்டால் குளியலறையில் பாம்பு புகுந்துவிட்டது என்று கம்பைத் தேடுவார்கள். நான் கடையில் மேல் தட்டிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடினேன். அகல வாய்ப் பாட்டில், கழுவிக் காயவைத்து இதற்காகவே எடுத்து வைத்தது. நான் பம்பு மாட்டிய வீடுகளில் எல்லாம் ஒரு வருஷமாகச் சொல்லி வைத்திருந்தேன்: குழாயிலோ வாளியிலோ சிவப்பாக நூல் மாதிரி ஏதாவது நெளிந்தால் கொட்டிவிடாதீர்கள், கிணற்றுத் தண்ணீரிலேயே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள் என்று. முதல் அழைப்பு இதுதான்.

போய்ப் பார்த்தால் நீல வாளியின் அடியில் சிவப்பாக, இரண்டு அங்குலத்தில் ஒன்று சுருண்டு விரிகிறது. சேச்சியின் மாமியார், மகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று குளியலறை வாசலில் ஐந்தாறு பேர். டம்ளரால் அலுங்காமல் அள்ளிப் பாட்டிலில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மீன் ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறான். அவனுக்கு அனுப்பினேன். சேச்சி எல்லோருக்கும் சாயா போட்டுவிட்டார். அந்தக் கால் மணி நேரம் அந்த வீடு பிரசவ வார்டு வாசல் மாதிரி இருந்தது.

பதில் வந்தது. "சேட்டா, இது மண்புழுவாணு."

பக்கத்து வீட்டுக்காரர் சாயா டம்ளரை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சேச்சிக்குத்தான் தாங்கவில்லை. நான் வருவதற்குள் நாலு வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

ஒரு மோட்டார் மெக்கானிக்குக்கு இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நான் கடை போட்டிருக்கும் ஊரை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறேன். வடக்கே கோட்டயம். 1950இல், ஏ.ஜி.கே. மேனன் என்ற விலங்கியல் அறிஞர், கோட்டயத்துக் கிணற்றிலிருந்து வந்த ஒரு மீனைப் பற்றி எழுதினார். கண் கிடையாது. உடம்பில் நிறமி கிடையாது. தோல் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்து மீனே சிவப்பாக இருக்கும். நீளம் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஹோராக்ளானிஸ் கிருஷ்ணாய் என்று பெயர். பெயரில் உள்ள ஹோரா, சுந்தர்லால் ஹோரா என்ற மீன் அறிஞர். அது கெளுத்தி வகை. சந்தையில் முஷி என்று விற்கிறார்களே, மீசை வைத்த கறுப்பு மீன், அதன் குடும்பம்தான். அண்ணன் வயல் சேற்றில் உருளுகிறான், தம்பி பாறைக்குள் போய்க் கண்ணைத் தொலைத்துவிட்டு நிற்கிறான்.

தெற்கே எட்டுப் பத்து கிலோமீட்டர் போனால் திருவல்லா. 2019இல் அங்கே ஒரு கிணற்றிலிருந்து கிடைத்த விரால் இனத்துக்கு ஏனிக்மாசன்னா மகாபலி என்று பெயர் வைத்தார்கள். பாதாளத்துக்கு அனுப்பப்பட்ட மாவேலியின் பெயர். ஓணத்துக்கு அவர் மேலே வருவார், இது வாளியில் வந்தது. இன்னும் தெற்கே செங்ஙன்னூர். 2020இல் அங்கே ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் குளிக்கப் பிடித்த தண்ணீரில் சிவப்பு நூல் ஒன்று நெளிவதைப் பார்த்திருக்கிறார். கொட்டாமல் எடுத்துக் கொடுத்தார். 2022இல் அது பாஞ்சியோ பாதாளா ஆனது. அயிரை மாதிரியான வகை, ஆனால் மண்புழுவைவிட ஒல்லி. ஹாலிவுட் நடிகர் லியனார்டோ டிகாப்ரியோ இன்ஸ்டாகிராமில் இந்த மீனைப் பற்றிப் போட்டபோதுதான் எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேருக்குச் செய்தி தெரிந்தது. செங்ஙன்னூரிலிருந்து சங்ஙனாசேரிக்கு வர அது அமெரிக்கா வழியாகப் போயிருக்கிறது.

இந்த மூன்று ஊரும் நான் ஸ்கூட்டரில் ஸ்பேனர் பெட்டியோடு சுற்றுகிற வட்டம். வருஷத்துக்கு எத்தனையோ கிணற்றில் எட்டிப் பார்க்கிறேன், எத்தனையோ ஃபுட்வால்வைத் தூக்கிச் சல்லடையைக் கழுவுகிறேன். சல்லடையில் சிக்கிக் கிடக்கும் இலை, வேர், சேறு எல்லாவற்றையும் பத்தொன்பது வருஷமாகப் பார்க்காமலே உதறியிருக்கிறேன். அந்தக் கணக்கு மனசில் ஏறியதிலிருந்துதான் இந்தக் கிறுக்கு.

குகை மீன் என்றால் எல்லோருக்கும் பெரிய குகைதான் நினைவு வரும். அப்படியும் உண்டு. மேகாலயாவில் ஜைந்தியா மலைக்குள் உம் லடாவ் என்ற சுண்ணாம்புக்கல் குகை. செங்குத்தாகக் கயிறு கட்டி இறங்க வேண்டிய இடம். உள்ளே இருட்டுக் குட்டையில் முழங்கை நீளத்துக்கு, நாற்பது சென்டிமீட்டருக்கு மேல், வெளிறிய மீன்கள். நிலத்தடியில் வாழும் மீன்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்று 2019இல் எழுதினார்கள். முதலில் மகசீர் வகை என்று நினைத்து, பிறகு எலும்பையும் டிஎன்ஏவையும் பார்த்து, 2023இல் நியோலிசோசைலஸ் பினார் என்று தனி இனமாக அறிவித்தார்கள். அங்கே வாழும் பினார் மக்களின் பெயர் அது. அந்த மீனைப் பிடிக்கக் கயிறு, ஹெல்மெட், விளக்கு, பயணக் குழு எல்லாம் வேண்டும்.

கேரளத்தில் அப்படிப்பட்ட குகை ஏது? எங்கள் பக்கம் குகை என்பது வெட்டுக்கல்லின் ஓட்டைதான். இதை எனக்குச் சொன்னது புத்தகமில்லை, அப்பா.

அப்பா கிணறு வெட்டுகிறவர். கம்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து குமுளி ஏறி, முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி வழியாகக் கோட்டயத்துக்குப் பஸ் பிடித்து வந்த கூட்டத்தில் ஒருவர். நாலு பேர் ஒரு செட்டு. ஒருவர் உள்ளே வெட்ட, ஒருவர் கூடையில் அள்ள, இரண்டு பேர் மேலே கயிறு இழுக்க. வெட்டுகிறவர் எப்போதும் அப்பாதான். ஆள் ஒல்லி, குறுகலான குழிக்குள் கடப்பாரையைத் திருப்பத் தெரிந்த கை. இன்று வயது எழுபத்தி நாலு, கால் மூட்டு இரண்டும் போய்விட்டது, ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

வெட்டுக்கல்லைப் பற்றி அவர் பேசினால் ஒரு வைத்தியர் நோயாளியைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கும். "பூமிக்குள்ள இருக்கறப்ப அது அல்வா மாதிரிடா. கோடாலிய வச்சு வெட்டு எடுத்துரலாம். வெளிய வந்து காத்துப் பட்டு வெயில் பட்டுச்சுன்னா இரும்பு." அது மெய்தான். துரு ஏறின இரும்பின் நிறம், உடம்பெல்லாம் தேனடை மாதிரிப் பொத்தல். வீட்டுச் சுவர்க் கல்லில் விரல் நுழையும் ஓட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டைகளின் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும். கீழே சேடி மண் என்று வெளுத்த களிமண் வரும், அங்கே நிற்கும். அதற்கும் கீழே கரும்பாறை. மேலே துருக்கல், கீழே களி, நடுவே ஓட்டையும் ஒழுங்கையுமாகத் தண்ணீர். வெயில் என்ற ஒன்று இருப்பதே தெரியாத தண்ணீர். அந்த மீன்களின் ஊர் அதுதான்.

அந்தக் கல்லுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயரே மலப்புரத்தில் பிறந்ததுதான். பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் அங்ஙாடிப்புரத்தில் இந்தக் கல்லை வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்தார். 1807இல் வந்த தன் நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லை எடுத்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். அங்கே அதற்கு ஒரு நினைவுத்தூண் கூட உண்டு. அதே மலப்புரம் மாவட்டத்தில், ஊரகம் என்ற இடத்தில், 2018 வெள்ளத்துக்குப் பிறகு நெல்வயலில் ஒரு விசித்திர மீன் கண்ணில் பட்டது. பாம்பு போல உடம்பு, தோகை போல நீளத் துடுப்பு. பார்த்தவர்கள் படம் பிடித்துச் சமூக ஊடகத்தில் போட, அது சுற்றிச் சுற்றி மீன் ஆய்வாளர்கள் கைக்கு வந்தது. 2019இல் ஏனிக்மாசன்னா கொல்லும் என்று பெயர் வைத்தார்கள். இருட்டிலேயே கிடந்து உருமாறிய ஒரு கதைப் பாத்திரத்தின் பெயர்தான் கொல்லும். தமிழில் எழுதினால் கொலைகார மீன் மாதிரி ஆகிவிடுகிறது. பாவம், ஒரு சாண் கூட இல்லாத பிராணி.

இந்தக் கொல்லும் மீனுக்கும் மாவேலி மீனுக்குமாகச் சேர்த்து 2020இல் ஒரு புதுக் குடும்பமே உண்டாக்கினார்கள். விராலுக்கு உறவு, ஆனால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க விராலுக்கு இருக்கும் உறுப்பு இதற்கு இல்லை, காற்றுப்பையும் குட்டை. வெகு காலத்துக்கு முன்பே பங்காளி பிரிந்த கிளை என்பதால் வாழும் புதைபடிவம் என்றார்கள். ஆனால் பாருங்கள், அந்தக் கொல்லும் மீனுக்குக் கண் இருக்கிறது, நிறமும் இருக்கிறது. இருட்டுக்குள் போனதெல்லாம் கண்ணைக் கழற்றி வைத்துவிடும் என்று நான் எளிதாக ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். அது அங்கேயே அடிபட்டுப் போனது.

கண் போவது எப்படி என்று அந்தப் பையனிடம் கேட்டேன். "வெளிச்சமே இல்லாத இடத்தில் கண் என்பது வீண் செலவு. கரண்டு தின்னும் சாமான் மாதிரி. கெட்டுப்போன கண்ணோடு பிறந்தவனுக்கும் அங்கே நஷ்டம் இல்லை, தலைமுறை தலைமுறையாக அது தேய்ந்து போகும்" என்றான். எனக்காகக் கரண்டில் சொன்னான் போல.

அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன். கோட்டயத்தில் கண்ணில்லாத சிவப்பு மீன் கிடைத்திருக்கிறது, தெரியுமா என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அதுவா? ரத்தப்புழுன்னு சொல்லுவோம்டா நாங்க."

எனக்குக் கை கால் ஓடவில்லை. எங்கே பார்த்தீர்கள், எப்போது என்று துளைத்தேன். பாம்பாடி பக்கம், ஒரு ரப்பர்த் தோட்டக்காரர் வீடு. நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் என்கிறார், அப்படியென்றால் 1983 அல்லது 84. பன்னிரண்டு தொடி இறங்கியிருந்தார்களாம். தொடி என்பது இந்தப் பக்கம் கிணற்று ஆழத்தை வளையம் வளையமாக எண்ணும் கணக்கு. வெட்டுக்கல் முடிந்து சேடி தொடங்குகிற இடத்தில் கடப்பாரை போட்டதும் ஊற்றுக்கண் திறந்துகொண்டது.

"சளசளன்னு தண்ணி. கூடவே செகப்பா நாலஞ்சு. சின்னது, விரக்கடை நீளம். கைல எடுத்தா வழுக்குது. வால்ல சின்னதா விசிறி மாதிரி இருந்துச்சு. புழுவுக்கு எதுக்கு விசிறின்னு நெனச்சேன், அவ்ளோதான். கூடையில அள்ளிட்டாங்க, மண்ணோட மேல போயிருச்சு."

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தண்ணீரில் புழு என்று முகம் சுளித்தாராம். சுண்ணாம்பு வாங்கி வந்து கொட்டி, இரண்டு நாள் இறைத்து, கிணற்றின் அடியில் நெல்லிமரப் பலகை போட்டு வேலையை முடித்திருக்கிறார்கள். கூலி வாங்கிக்கொண்டு வேறு ஊர்.

"எத்தனை கிணத்துலப்பா பாத்திருப்பீங்க?"

"யாருடா எண்ணுனா. மூணு நாலு இருக்கும்."

மண்புழுவோ வேறு எதுவோ என்று நானும் தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அந்த வால் விசிறி விடவில்லை. புழுவுக்கு வால் துடுப்பு கிடையாது. இந்த அடையாளத்தை நான் அவருக்குச் சொல்லித்தரவும் இல்லை.

ஊற்றுக்கண் என்று நம் ஆட்கள் எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணைத் திறந்தால் வெளியே வருவது கண் இல்லாத ஒன்று.

இந்த ஹோராக்ளானிஸ் வகையில் இதுவரை நாலு இனம். 1950இல் கோட்டயத்து கிருஷ்ணாய். பிறகு அரை நூற்றாண்டு ஒன்றும் இல்லை. 2004இல் திரிச்சூர் பக்கம் பறப்பூக்கரையிலிருந்து அலிகுஞ்ஞி என்ற மீன்வள அறிஞர் பெயரில் ஒன்று. 2012இல் இரிஞ்ஞாலக்குடைக் கிணற்றிலிருந்து ஒன்று, அதன் பெயர் ஹோராக்ளானிஸ் அப்துல்கலாமி. ஆமாம், நம் ராமேஸ்வரத்துக் கலாம்தான். ராக்கெட் விட்டவர் பெயரைப் பாதாளத்தில் இருக்கும் மீனுக்கு வைத்தது யார் யோசனையோ, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கலாம் பெயரில் சாலை இருக்கிறது, தீவு இருக்கிறது. அவரே பார்த்துச் சிரித்திருக்கக்கூடியது இந்த ஒரு அங்குல மீனாகத்தான் இருக்கும்.

நாலாவது 2023இல் வந்தது. அதன் கதைதான் என்னைப் பிடித்தது. கொச்சியில் இருக்கும் கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவன், அவரோடு ரெம்யா சுந்தர், அர்ஜுன், நீலேஷ் தஹானுகர், ஜெர்மனியிலிருந்து ரால்ஃப் பிரிட்ஸ் என்று ஒரு குழு. ஆறு வருஷம் ஊர் ஊராகப் போய், வீட்டுக்காரர்களிடம் கூட்டம் போட்டு, படம் காட்டி, இப்படி ஒன்று வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவைத்தார்கள். கிணறு, குளம், தோட்டத்து நீர்த்தொட்டி, மாடித் தொட்டி எல்லாவற்றையும் துழாவினார்கள். மக்கள் கொண்டுவந்து கொடுத்ததை வைத்து 47 புது இடங்கள், 65 மரபணு வரிசைகள். அதற்கு முன் எழுபது வருஷத்தில் கிடைத்ததைவிட அது பல மடங்கு. அதில் ஒரு கூட்டம் புது இனம் என்று தெரிய வந்தது. ஹோராக்ளானிஸ் போபுலி என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் போபுலி என்றால் மக்களுடையது.

விசேஷம் என்னவென்றால் இந்த நாலும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். வெளியே வேறுபாடு கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆனால் டிஎன்ஏவில் வெகு தூரம் பிரிந்து கிடக்கின்றன. இருட்டும் ஓட்டையும் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டன போல. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அவற்றின் குற்றம் இல்லை.

பத்திரிகைகள் வழக்கம் போல "கிணற்றில் அதிசய மீன்" என்று போட்டன. எனக்கு அந்த அதிசயம் என்ற வார்த்தையைக் கண்டாலே எரிச்சல். அந்த மீன் தன் வீட்டில் இருந்தது. அதன் கூரையில் நாம் ஓட்டை போட்டோம். ஆனால் போபுலி என்ற பெயரை யோசித்தவருக்கு ஒரு சாயா வாங்கித் தர வேண்டும். அந்த மக்களில் சேச்சியும் ராணுவ வீரரும் உண்டு. வால் விசிறியைப் பார்த்துவிட்டுக் கூடையில் அள்ளிப்போட்ட அப்பாவும் உண்டு என்று நான் சேர்த்துக்கொண்டேன். அவரிடம் சொன்னேன். "நாந்தான் தூக்கிப் போட்டுட்டேனேடா" என்றார்.

கோழிக்கோட்டில் செறிஞ்ஞால் என்ற ஊரில் ஆறு மீட்டர் ஆழ வீட்டுக் கிணற்றிலிருந்து கிடைத்த இன்னொரு அயிரை வகைக்கு பாஞ்சியோ புஜியா என்று பெயர். வடநாட்டு புஜியா, நம்ம ஓமப்பொடி. அப்படியே ஓமப்பொடிதான், உயிரோடு நெளியும் ஓமப்பொடி. பம்பாயில் ஜோகேஸ்வரியில் 40 அடிக் கிணற்றின் அடிச்சேற்றிலிருந்து ஒரு குருட்டு விலாங்கு இனம் கிடைத்தது, ரக்தாமிக்திஸ் மும்பா. அந்தக் கிணறு இருந்த இடம் பார்வையற்றோர் பள்ளி வளாகம். கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

சரி, என் கண்டுபிடிப்புக்கு வருகிறேன்.

மண்புழு நடந்து பத்து நாள் இருக்கும். திருவல்லா ரோட்டில் ஒரு வீடு, மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. குழாயில் தண்ணீர் ஊற்றிப் பிரைம் பண்ணிப் பார்த்தேன், பிடித்து விட்டுவிடுகிறது. ஃபுட்வால்வைத் தூக்கினால் சல்லடை பெயர்ந்து தொங்குகிறது. பம்பு மூடியான கேசிங்கைக் கழற்றி, உள்ளே சுழலும் இம்பெல்லரைக் கழுவலாம் என்று டார்ச் அடித்தேன். பித்தளை இதழுக்கு நடுவே வெளுத்த நூல் ஒன்று. சாக்கு நூல் என்று ஸ்க்ரூடிரைவரால் நெம்பப் போனவன், நிறுத்தினேன். ஒரு முனையில் விசிறி இருந்தது.

நிமிஷத்துக்கு 2,880 சுற்று சுற்றுகிற மோட்டார். இதற்குள் புகுந்து முழு உயிரோடு மாடித் தொட்டிக்குப் போய், குழாய் வழியாக வாளியில் விழுந்த மீன்களும் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நம்பிக்கை வரவில்லை. இதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தலைப்பக்கம் பாதி காணோம்.

பையனுக்குப் போன் போட்டேன். ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும், ஆல்கஹாலில் போடுங்கள் என்றான். ஆல்கஹாலுக்கு நான் எங்கே போக? வீட்டுக்காரரிடம் பிராந்தி இருந்தது, கேட்கக் கூச்சம். ஸ்கூட்டர் பெட்டியைக் கிளறினால் கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் ஒரு பாட்டில், தண்ணீராட்டம் இருக்கும் வகை. அதை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி அதற்குள் விட்டேன். வாசனை வேறு, எலுமிச்சை. அவன் சிரித்துக்கொண்டே வந்து வாங்கிக்கொண்டு போனான். "ரொம்பச் சிதைந்திருக்கிறது, பார்க்கலாம்" என்றான். சிவப்பு ஏன் இல்லை என்று கேட்டேன். சிவப்பு தோலில் இல்லை, ரத்தத்தில், உயிர் போனால் நிறமும் போகும் என்றான். அதனால்தான் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்த மீனெல்லாம் வேகவைத்த சேமியா மாதிரி இருக்கின்றன.

இனம் என்ன என்று இன்னும் தெரியவில்லை. தலை இல்லாததை வைத்துப் புது இனம் சொல்ல முடியாது என்பது எனக்கே தெரியும். முள்ளெலும்பை எண்ண வேண்டும், துடுப்புக் கதிரை எண்ண வேண்டும், சாயம் ஏற்றி எலும்பை ஒரு நிறமாகவும் குருத்தெலும்பை ஒரு நிறமாகவும் பார்க்க வேண்டும், பக்கத்து இனங்களோடு ஒப்பிட வேண்டும், அந்த இனத்துக்கே அடையாளமாக ஒரு முழு மீனை அருங்காட்சியகத்தில் எண் போட்டு வைக்க வேண்டும். நான் காயில் கட்டும்போது ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் சூடாகும். அவர்கள் வேலையும் அப்படித்தான்.

வேறொன்று உறுத்துகிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கிணறெல்லாம் கலங்கிப்போய், சூப்பர் குளோரினேஷன் செய்தார்கள். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர், வெள்ளக் கிணற்றுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. நானும் கை கொடுத்தேன், நூறு கிணறாவது இருக்கும். எலிக்காய்ச்சல் பயம் இருந்த நேரம், குழந்தைகள் குடிக்கிற தண்ணீர், போடாதே என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். இன்றும் சுகாதாரப் பணிக்கு வரும் ஆஷா சகோதரி பிளீச்சிங் பவுடர் பொட்டலத்தோடு வந்தால் வாளியில் கலக்கி, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் இறக்கிவிடுவது நான்தான். இறக்கும்போது மட்டும் இப்போதெல்லாம் ஒரு தரம் குனிந்து ஊற்றுக்கண் பக்கம் பார்க்கிறேன். பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தண்ணீர் கறுப்பாக இருக்கும், என் தலை தெரியும்.

ஒரு காரியம் செய்யலாம் என்று தோன்றியது, செய்துகொண்டிருக்கிறேன். ஃபுட்வால்வுச் சல்லடைக்கு மேல் கொசுவலை நைலானை இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பி போட்டுக் கட்டிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. தண்ணீர் இழுப்பு கொஞ்சம் குறையும், மாசம் ஒரு தரம் கழுவ வேண்டும். வீட்டுக்காரர்களிடம் மணல் ஏறாது என்று சொல்கிறேன், அதுவும் பொய்யில்லை. மீனுக்காக என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் "அப்போ கண்டுபிடிக்க முடியாதே அண்ணாச்சி" என்பார்கள். பெருன்னாச் சேச்சி அப்படித்தான் கேட்டார். வலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு மீன் வேண்டும்.

போன ஞாயிறு அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். போனில் போபுலி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதேதான்" என்றார். பிறகு, "இது கொஞ்சம் தடியா இருக்கு" என்றார்.

பாம்பாடியில் எந்த வீடு என்று கேட்டேன். பள்ளி ஒன்று, அதற்குப் பக்கத்தில் இறக்கம், இறக்கத்தில் ஒரு ஆஞ்சிலி மரம், அதற்கு அந்தப் பக்கம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அடையாளம். ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். மழை விட்டதும் அந்தப் பக்கம் போக வேலை இருக்கிறது, இரண்டு சர்வீஸ் பாக்கி.

ஹார்லிக்ஸ் பாட்டில் பெட்டியில்தான் இருக்கிறது. இடைப்பட்ட நாளில் வாஷர் போட்டு வைத்திருந்தேன், நேற்று கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.